இருபது நிமிஷ நடையில் ஒரு பனியாறு

"பனி மலையெல்லாம் எனக்கு எதுக்குடி? மார்கழி மாசத்துப் பனியே என் உடம்புக்கு ஒத்துக்கிறதில்லை!" என்றாள் அம்மா.

நேயர்களே, என் தாயார் ஒரு விஷயத்தை ஒரு தரம் வேண்டாம் என்று சொன்னால் அது நிஜமாகவே வேண்டாம். மூன்று தரம் சொன்னால் அது அவளுக்கு நிரம்பவும் வேண்டியது என்று பொருள். அன்று காலையிலிருந்து பனி மலை வேண்டாம் என்று நாலாவது தரம் சொல்லிவிட்டாள்!

நாங்கள் அப்போது நியூஸிலாந்தின் தென் தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரத்தில், என் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். ஜனவரி மாதம்; பொங்கல் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. நமக்குத் தை மாதக் குளிர் என்றால் அவர்களுக்கு நல்ல கோடைகாலம். இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் போக மனமில்லாமல் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது. "விளக்கு வைக்கிற வேளை எது என்றே தெரியவில்லையே!" என்பதுதான் அந்த ஊரைப் பற்றி அம்மாவின் முதல் புகார்.

அம்மா பனி மலைக்கு ஆசைப்பட்ட கதை பழையது. என் அப்பாவுக்குக் கங்கையைப் பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை. கங்கோத்ரிக் கோயிலோடு நின்றுவிடாமல், அதற்கு அப்பால் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து, பனியாற்றின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வருகிற கோமுகத்தையே கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பார். "ரிடையர் ஆனதும் போகலாம்" என்றார். ரிடையர் ஆனார். "பெரியவள் கல்யாணம் முடியட்டும்" என்றார். முடிந்தது. "சின்னவளுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்" என்றார். எனக்கு இந்தப் பத்திரிகையில் வேலையும் கிடைத்தது. அதற்குள் அம்மாவின் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவே போய்விட்டார். அவருடைய அலமாரியில் கங்கோத்ரி யாத்திரைப் புத்தகம் ஒன்று, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு, இன்னும் இருக்கிறது.

ஆகையால்தான், அக்காவின் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு பனியாறு இருக்கிறது, காரை நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் நடந்தால் போதும் என்று கேள்விப்பட்டதும் நான் பிடிவாதமாக நின்றுவிட்டேன். அம்மாவுக்கு வயது 68. முழங்காலுக்கு இனிமேல் வயது குறையப் போவதில்லை அல்லவா?

பச்சையும் நீலமும் கலந்த ஏரி

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். அத்தான் காரை ஓட்டினார். அக்கா எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க் நிறையக் காப்பி எல்லாம் கட்டிக் கொண்டாள். அவளுடைய ஒன்பது வயதுப் பையன் எங்களுக்கு வழிகாட்டி. பள்ளிக்கூடத்தில் பனியாறுகளைப் பற்றிப் பாடம் நடந்து முடிந்திருந்ததாம். ஆகவே வழியெல்லாம் பிரசங்கம்தான்.

சுமார் 330 கிலோமீட்டர் பாதை. முதலில் தோசைக்கல் போல் சமதரையான வயல்வெளி. பிறகு ஆட்டு மந்தைகள் மேயும் குன்றுகள். அதையும் தாண்டினால் மெக்கன்ஸி சமவெளி என்ற பரந்த புல்வெளி. அந்தப் பெயர் எந்தப் பிரபுவுடையதோ என்று நினைத்து விடாதீர்கள். 1855-ல் ஆயிரம் ஆடுகளை ஓட்டிச் சென்றதாகப் பிடிபட்ட ஜேம்ஸ் மெக்கன்ஸி என்ற ஆட்டு இடையனின் பெயர் அது! ஆட்டுத் திருடன் பெயரில் ஒரு ஜில்லாவே இருக்கிறது என்று கேட்டு அம்மா மூக்கில் விரலை வைத்தாள்.

டெகாப்போ என்ற ஏரியைத் தாண்டி புகாக்கி ஏரிக்கரைக்கு வந்ததும் அத்தான் காரை நிறுத்தினார். நேயர்களே, அந்தத் தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது? மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையை எடுத்துப் பாலில் அலசினால் ஒரு நிறம் வருமே, அப்படி என்று வைத்துக் கொள்ளுங்கள். சாயம் கலக்கியது போல் இருந்தது.

"இது கல் மாவு, பாட்டி!" என்றான் பையன்.

அவன் சொன்னது சரிதான். மலை மேலே பெய்யும் பனி, வருஷத்துக்கு வருஷம் குவிந்து, தன் பாரத்தினாலேயே இறுகிக் கெட்டிப் பனிக்கட்டியாகி, அந்தப் பாரத்தினாலேயே பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து வருகிறது. அதுதான் பனியாறு. நகரும்போது அடியில் உள்ள பாறையை அம்மிக் குழவி போல் அரைத்துக் கொண்டே வருகிறது. அரைபட்ட கல், மைதா மாவை விட நைஸாகி, உருகும் தண்ணீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் மிதக்கிறது. சூரிய வெளிச்சம் அந்த மாவில் பட்டுச் சிதறும்போதுதான் இந்த நிறம்.

"அம்மியில் அரைத்த மாவா? அப்போ அந்த அம்மியைப் பார்க்க வேண்டியதுதான்" என்றாள் அம்மா. அதுவரையில் அவள் வேண்டாம் என்று சொல்லிக் கொண்டிருந்ததை எல்லோருமே மறந்துவிட்டோம்.

தலையில் கால் வைக்காத மலை

ஏரியின் மறு கோடியில், மேகத்துக்கு மேலே, வெள்ளையாக ஒரு சிகரம் தெரிந்தது. நியூஸிலாந்திலேயே உயரமான மலை அது. மாவோரி மக்கள் வைத்த பெயர் அவோராக்கி. 1851-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவர், கேப்டன் குக்கின் ஞாபகார்த்தமாக அதற்கு மவுண்ட் குக் என்று பெயர் வைத்தார். 1998-ல் மாவோரி மக்களோடு அரசாங்கம் செய்து கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவோராக்கி என்ற பெயர் முன்னாலும், மவுண்ட் குக் என்பது பின்னாலும் சேர்ந்து வருகின்றன.

மாவோரிக் கதை இது: ஆகாயத் தந்தையின் பிள்ளைகளான அவோராக்கியும் சகோதரர்களும் ஒரு படகில் ஏறிப் பூமிக்கு வந்தார்கள். திரும்பிப் போகும்போது ஓத வேண்டிய மந்திரம் தப்பிவிட்டது. படகு தரை தட்டிச் சாய்ந்தது. உயர்ந்திருந்த பக்கத்தில் அண்ணன் தம்பிகள் ஏறி நின்றார்கள். தென் திசைக் குளிர் காற்று அடித்து அப்படியே கல்லாகி விட்டார்கள். சாய்ந்த படகுதான் தென் தீவு. மூத்தவன்தான் இந்த மலை.

"மந்திரம் தப்பினால் எந்த ஊரிலும் ஆபத்துதான்" என்று அம்மா தலையை ஆட்டினாள்.

மலை அவர்களுக்கு மூதாதை. ஆகையால் ஏறுகிறவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று விடும்படி மாவோரி மக்கள் கேட்டுக் கொள்கிறார்கள். பெரியவர் தலையில் கால் வைக்கலாமா? கைலாசத்தை வலம் வருவதோடு நிற்கும் நம்மவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் எதுவும் தேவையில்லை.

ஆனால் மலையே தன் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொண்டு விட்டது. 1991 டிசம்பர் 14-ஆம் தேதி இரவு உச்சியிலிருந்து பெரும் பாறைச் சரிவு ஏற்பட்டு, ஒரே இரவில் பத்து மீட்டர் உயரம் குறைந்தது. மிஞ்சியிருந்த பனித் தொப்பியும் காலப் போக்கில் கரைந்தது. 2014-ல் அறிவித்த புதிய கணக்குப்படி உயரம் 3,724 மீட்டர். 'மலை போல் அசையாமல்' என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் போலிருக்கிறது!

பாவாடை கட்டி ஏறிய பெண்

மலையடிவாரக் கிராமம் மிகச் சிறியது. 1880-களில் இந்தப் பகுதியில் கட்டிய முதல் விடுதிக்கு 'ஹெர்மிடேஜ்', அதாவது ஆசிரமம் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயருடைய விடுதி இன்றும் இருக்கிறது. 1906-ல் அங்கே வந்து தங்கிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் பெண் நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

அவர் பெயர் ஃப்ரீடா டூ ஃபோர். ஸிட்னி நகரத்துப் பெண். விடுதி வாசலிலிருந்து மலையைப் பார்த்ததுமே ஏறித்தான் தீர்வது என்று தீர்மானித்து விட்டார். ஆனால் கல்யாணமாகாத பெண், ஓர் ஆண் வழிகாட்டியோடு மலையில் தனியே இரவு தங்குவதாவது! விடுதியில் இருந்த மற்றப் பெண்மணிகள் காதைக் கடித்துக் கொண்டார்கள். 'பெயர் கெட்டுப் போகும்' என்று புத்தி சொன்னார்கள். கடைசியில், துணைக்கு என்று ஒரு சுமையாளையும் கூட அழைத்துப் போக நேர்ந்தது. ஊர் வாயை மூடுவதற்காக மலைக்கு ஓர் ஆள் அதிகப்படி! அந்தச் செலவும் அவர் தலையில்தான்.

ஸிட்னியில் மூன்று மாதம் தேகப் பயிற்சி செய்துவிட்டு வந்து, 1910 டிசம்பர் 3-ஆம் தேதி, பீட்டர் கிரஹாம், அலெக்ஸ் கிரஹாம் என்ற வழிகாட்டிச் சகோதரர்களோடு அவர் உச்சியை அடைந்தார். எடுத்துக் கொண்ட நேரம் ஆறு மணி. அதுவரை எந்த ஆணும் அத்தனை விரைவாக ஏறியதில்லை. அவோராக்கியில் ஏறிய முதல் பெண் அவர்தான். காற்சட்டைக்கு மேல் முழங்கால் வரை ஒரு பாவாடையும் உடுத்தியே ஏறினார் என்பதைக் கேட்டதும் அம்மா தன் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக் கொண்டாள்.

முந்நூற்றுச் சொச்சம் படிகள்

கிராமத்திலிருந்து பிரிந்து போகும் டாஸ்மன் பள்ளத்தாக்குச் சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டர் போனால் கார் நிற்கும் இடம் வருகிறது. காரை விட்டு இறங்கும்போதே அக்கா ஜன்னல்களை எல்லாம் ஏற்றச் சொன்னாள். அந்த மலைகளில் 'கீயா' என்று ஒரு பச்சைக் கிளி உண்டு. சிறகை விரித்தால் உள்ளே செம்மஞ்சள் நிறம், நல்ல அழகு. ஆனால் கார் ஜன்னல் ரப்பரைக் கொத்திப் பிய்ப்பதில் அதற்கு அலாதிப் பிரியமாம். அன்று அது எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. ரப்பர் தப்பியது.

போக வர நாற்பது நிமிஷம் என்று பலகையில் போட்டிருந்தது. முதலில் முட்புதர்களுக்கு நடுவே நல்ல பாதை. வழியில் வலது இடமாகச் சில குட்டைகள். அவற்றுக்குப் பெயர் நீல ஏரிகள். தண்ணீரோ பச்சைப் பசேல் என்று இருந்தது! முன்பு பனியாறு உயர்ந்து நின்றபோது அதன் தண்ணீர் கசிந்து வந்து இவை நீலமாக இருந்தன. பனியாறு தாழ்ந்து போன பிறகு மழைத் தண்ணீர்தான். பாசி பிடித்துப் பச்சையாகி விட்டது. பெயர் மட்டும் பழைய பெயர்.

அப்புறம்தான் படிகள். முந்நூற்றுக்கும் மேலே. பலகையில் 'நாற்பது நிமிஷம்' என்று போட்டவர்கள் முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். 'சுலபமான நடை' என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பி, அம்மாவிடமும் அடித்துச் சொல்லி அழைத்து வந்திருந்தேன்.

எழுபது படி வரை அம்மா பேசிக் கொண்டே ஏறினாள். நூறாவது படியில் பேச்சு நின்றது. நூற்றுப் பத்தில் உட்கார்ந்து விட்டாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"அந்த ஊர்க் குதிரை மாதிரி விரட்டிண்டு வந்துட்டியே! அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அக்கா என் மேல் பாய்ந்தாள்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் ஆசையை அம்மாவின் முழங்காலில் ஏற்றி வைத்து விட்டேனோ என்று அந்தக் கணத்தில் தோன்றியது. ஆசை என் அம்மாவுடையதா, அல்லது அப்பாவுக்குச் செய்யாமல் விட்ட ஒன்றைச் செய்து விட வேண்டும் என்ற என்னுடைய ஆசையா?

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இப்படியே உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அம்மா.

நேயர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் எத்தனை இடங்களில், எத்தனை படிகளின் பாதியில், இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்! பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பார்கள். நாமும் 'சரி' என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லியிருப்போம்.

அன்று நான் நகரவில்லை. காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேண்டாம்மா. இறங்கிடலாம். இதுவரைக்கும் வந்ததே போதும்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அம்மா காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். "கல்யாணமான புதுசிலே உங்கப்பா என்னைத் திருச்சி மலைக்கோட்டைக்கு அழைச்சுண்டு போனார். நானூறு படிக்கு மேலே. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்னு 'இன்னும் பத்து'ன்னு சொல்லுவார். அப்புறம் இன்னும் பத்து. அப்படியே உச்சிப் பிள்ளையார் வந்துட்டார்" என்றாள். பிறகு பேரனின் தோளைப் பிடித்துக் கொண்டு எழுந்தாள். "எங்கே, நீ எண்ணு பார்க்கலாம். தமிழிலே எண்ணணும்."

பையன் எண்ணினான். பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம். அவனுக்குத் தமிழில் நாற்பதுக்கு மேல் தடுமாற்றம். ஆனால் பத்து வரையில் பாக்கி இல்லாமல் வரும். அந்த ஏற்பாடு இருவருக்குமே செளகரியமாக இருந்தது. இருபது நிமிஷ நடை எங்களுக்கு ஒரு மணி நேரமாயிற்று. எங்களைத் தாண்டிப் போன வெள்ளைக்காரர்கள் திரும்பி இறங்கும்போதும் நாங்கள் ஏறிக் கொண்டிருந்தோம். புன்னகை செய்துவிட்டுப் போனார்கள்.

"இதுவாடி பனியாறு?"

கடைசிப் படி ஏறியதும் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் திறந்து கொண்டது. அம்மா பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதுவாடி பனியாறு?"

அவளுடைய ஏமாற்றத்தில் நியாயம் இருந்தது. நாங்கள் எதிர்பார்த்தது வெள்ளி உருகி வழிந்தாற் போன்ற ஒரு காட்சி. கண்ணுக்குத் தெரிந்ததோ சாம்பல் கரைத்த தண்ணீர் போல் பெரிய ஏரி ஒன்று. அதன் மறு கோடியில், சில கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சாம்பல் நிறச் சுவர். அதற்கு மேலே கல்லும் மண்ணும். கட்டடம் இடித்த இடம் மாதிரி! ஏரியில் அங்கங்கே சில பனிக்கட்டிகள் மிதந்தன. இடது பக்கம் தலை நிமிர்ந்து நின்ற மலைகளில் மட்டும் வெள்ளைப் பனி பளபளத்தது.

அந்தச் சுவர்தான் டாஸ்மன் பனியாற்றின் வாய். மாவோரிப் பெயர் ஹௌபாப்பா. நீளம் சுமார் 23 கிலோமீட்டர், நியூஸிலாந்திலேயே நீளமானது. மேலே வெகு தூரத்தில் அது வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது. கீழே வர வர, இரு பக்க மலைகளிலிருந்தும் விழுந்த கற்களைச் சுமந்து கொண்டு, கற்போர்வை போர்த்திய கிழமாக வந்து சேர்கிறது.

அந்தப் போர்வையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னெல்லாம் ஐஸ் கடைக்காரர்கள் பாளம் பாளமான ஐஸை மரத்தூளிலும் உமியிலும் மூடி வைப்பார்கள் அல்லவா? சீக்கிரம் உருகாது. அதே போல் இந்தக் கற்போர்வை பனியாற்றை வெகு காலம் காப்பாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதி வரை அதன் வாய் பின்வாங்கவில்லை. ஆனால் உடம்பு மட்டும் மெலிந்து தாழ்ந்து கொண்டே வந்தது. 1970-களில் அதன் மேல் சிறு சிறு குட்டைகள் தோன்றின. 1990-க்குள் அவை ஒன்று சேர்ந்து ஓர் ஏரியாயின. மரத்தூளில் இருந்த ஐஸைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. 2008-ல் அளந்தபோது ஏரியின் நீளம் ஏழு கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டர், ஆழம் 245 மீட்டர். அதன் பிறகும் வளர்ந்து கொண்டே இருக்கிறது.

நாங்கள் ஏறி வந்த மேடும் மலையல்ல. பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக் குவித்த கற்சுவர். எங்கள் காலடி உயரத்துக்குப் பனி நிரம்பி நின்ற காலம் உண்டு. அதாவது, நூற்று முப்பது வருஷத்துக்கு முன் இதே இடத்தில் வந்து நின்றவர்கள் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. பனி எதிரிலேயே இருந்தது!

"அப்படின்னா, நாம பார்க்கிறது பனியாறு இல்லை. பனியாறு இருந்த இடம்" என்றாள் அம்மா.

எந்த விஞ்ஞானியும் அதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. 1977 முதல் அந்நாட்டு விஞ்ஞானிகள் கோடை முடிவில் சிறு விமானத்தில் பறந்து பனிக் கோட்டைப் படம் எடுத்து வருகிறார்கள். அந்தக் காலத்திலிருந்து இதுவரை அந்நாட்டுப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பனி கரைந்துவிட்டது. பூமி சூடேறுவதுதான் காரணம். நம்முடைய கங்கோத்ரிப் பனியாறும் பின்வாங்கிக் கொண்டுதான் இருக்கிறது. அப்பாவின் புத்தகம் அச்சான காலத்துக் கோமுகம் இன்று அதே இடத்தில் இல்லை.

அதை நான் அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. "அவர் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டார். அதுவும் ஒவ்வொரு வருஷமும் பின்னாலே தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

புரண்டு படுத்த பனிக்கட்டி

திரும்பலாம் என்று எழுந்தபோதுதான் அது நடந்தது. கீழே, கரைக்குச் சற்றுத் தூரத்தில், வீடு போல் ஓர் அழுக்குப் பனிக்கட்டி மிதந்து கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. தூக்கத்தில் புரளும் குழந்தை மாதிரி மெதுவாகப் புரண்டது. தண்ணீர் சலசலத்து வழிய, இதுவரை அடியில் இருந்த பாகம் மேலே வந்தது. நீலம்! கண்ணாடி மாதிரி, உள்ளே விளக்கேற்றினாற் போல் அப்படி ஒரு நீலம். சில நூறு வருஷங்களுக்கு முன் மலை உச்சியில் பெய்த பனி, அழுந்தி அழுந்திக் காற்றை எல்லாம் இழந்து, இன்றைக்குத்தான் வெயிலைப் பார்க்கிறது. மிதக்கும் பனிக்கட்டியில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அன்று மற்ற ஒன்பது பங்கில் கொஞ்சம் எங்களுக்காக மேலே வந்து முகம் காட்டியது.

அம்மா கை கூப்பினாள். யாரைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் உடம்பு நடுங்கியது. 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச்சைக் குலுக்கிய பூகம்பத்தில் 185 பேர் மாண்டார்கள். அக்கா அப்போது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து தப்பியவள். அதே குலுக்கலில், இத்தனை தூரத்தில் இருந்த இந்தப் பனியாற்றிலிருந்து சுமார் மூன்று கோடி டன் பனி பெயர்ந்து ஏரியில் விழுந்தது. மூன்றரை மீட்டர் வரை அலைகள் எழுந்து சுற்றுலாப் படகுகளை அலைக்கழித்தன. "அன்றைக்கு எங்கள் வீட்டில் அலமாரி விழுந்ததும், இங்கே இந்த மலை விழுந்ததும் ஒரே நிமிஷம்" என்றாள் அக்கா.

இறங்கும்போது அம்மா குனிந்து ஒரு சாம்பல் நிறக் கூழாங்கல்லை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். "பாட்டி, இது தேசியப் பூங்கா. எதையும் எடுக்கக் கூடாது!" என்றான் பையன். நாங்கள் அவனை அடக்கப் பார்த்தோம். அம்மா முடிச்சை அவிழ்த்தாள். கல்லைக் கன்னத்தில் ஒற்றிக் கொண்டு, எடுத்த இடத்திலேயே பதனமாக வைத்தாள். "அவன் சொல்றதுதான் சரி. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா மீதி என்ன இருக்கும்?" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் மலைக் காற்று சில்லென்றிருக்கும். ஸ்வெட்டரும், மழைக்கு ஒரு மேல் சட்டையும் அவசியம். வெயில் குளுமையாகத் தோன்றும். ஆனால் தோலைப் பொசுக்கி விடும். தலைக்குத் தொப்பி போட்டுக் கொள்ளுங்கள். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். கையில் தண்ணீரும் காப்பியும் இருக்கட்டும். காலையில் போனால் மேகம் மூடுவதற்கு முன் மலை முழுதும் காணலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் பலகையில் போட்ட நேரத்தை மூன்றால் பெருக்கிக் கொள்ளுங்கள். 'சுலபமான நடை' என்று யார் சொன்னாலும், யாருடைய முழங்காலுக்கு என்று ஒரு தரம் கேட்டு விடுங்கள். நான் கேட்காமல் போனதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக் கொண்டது போதும்.

இரவு மலையடிவாரத்திலேயே தங்கினோம். அங்கே ஊர் விளக்குகளை அடக்கி வைத்திருக்கிறார்கள், ஆகாயமெல்லாம் நட்சத்திரம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவிக் கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தாள். மிருகசீரிஷ நட்சத்திரக் கூட்டம் நம் ஊருக்கு நேர்மாறாகத் தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடித்துப் பேரனுக்குக் காட்டினாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, கங்கோத்ரிக் கோயில் வரைக்கும் கார் போகுமாமே? அட்சய திருதியைக்குத்தானே திறப்பார்கள்?"

"கோமுகம் வரை நடக்க முடியாதேம்மா?"

"அதை யார் கேட்டா? கோயில் வாசலிலே உட்கார்ந்து தண்ணியைப் பார்க்கிறேன். எனக்கு எதுக்குடி கோமுகமெல்லாம்?" என்றாள் அம்மா.

ஒரு தரம்தான் சொன்னாள். ஆனாலும், எதற்கும் இருக்கட்டும் என்று நான் லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.